மொறிஸ் மைனருக்கு டாஷ்போட் சாமான் செய்து தரும் ஒரு பட்டறை

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் 1959ஆம் ஆண்டுக் கார். 948 சிசி எஞ்சின், நடுவில் ஒரேயொரு பெரிய வட்ட ஸ்பீடோமீற்றர், இழுத்து ஸ்ராட் பண்ணுகிற குமிழ், கதவுத் தூணிலிருந்து கை நீட்டுகிற சிக்னல். அப்பா 1974இல் பாவித்த காராக வாங்கினார். இறக்குமதி இறுக்கிக் கட்டப்பட்டிருந்த காலம் அது. ஓடுகிற கார் ஒன்று கைக்கு வருவதே பெரிய விசயம். அப்பா 2019இல் காலமான பிறகு நான்தான் ஓட்டுகிறேன். பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் அதிலேதான் போய்வருகிறேன்.

இந்தக் காரின் எஞ்சினுக்குச் சாமான் எடுப்பது பலர் நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. அதே குடும்பத்து எஞ்சினை மினி காருக்கு 2000ஆம் ஆண்டு வரை போட்டார்கள். அதனால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஆறுதலாகத் தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்கும், அல்லது ஒன்றை இன்னொன்றுக்குப் பொருத்தலாம். டாஷ்போட் சாமான் அப்படியில்லை. வைப்பர் குமிழும், சின்னச் சாமான் போட்டுவைக்கிற லாச்சியின் உள்பெட்டியும் வேறு காரிலிருந்து லேசில் கிடைக்காது. உடைந்தால் உடைந்ததுதான். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் ஓடுகிற எத்தனையோ பழைய மைனர்களிலும் ஒஸ்ரின்களிலும் எஞ்சின் மணிபோல இருக்கும். டாஷ்போட்டில் மட்டும் ஆணியும் கம்பியும் நீட்டிக்கொண்டிருக்கும்.

எங்கள் காரும் அப்படித்தான் இருந்தது. இரண்டு பக்க லாச்சிக்கும் உள்பெட்டி இல்லை. கை விட்டால் வயர்க்கட்டில் முட்டும். வைப்பர் குமிழும் விளக்குக் குமிழும் இல்லை. ஸ்ராட்டர் குமிழ் விளிம்பில் உடைந்திருந்தது. ஸ்பீடோமீற்றரைச் சுற்றியிருந்த றபர் வளையம் காய்ந்து தூளாகிவிட்டது. இவ்வளவையும் வட்டுக்கோட்டைக்கு இந்தப் பக்கம், காரைநகர் போகிற வீதிக்குச் சற்று உள்ளே இருக்கிற ஒரு பட்டறையில் செய்வித்தேன். பெயர்ப்பலகை கிடையாது. தன் பெயரையும் எழுத வேண்டாம் என்று அந்த அண்ணை கேட்டுக்கொண்டார். வலிகாமத்தில் பழைய கார் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

முதலில் லாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையில் எனக்கு முக்கியமானது அதுதான். மைனரின் டாஷ்போட் இரும்புத் தகடு. ஆனால் லாச்சியின் உள்பெட்டி அழுத்திச் செய்த தடித்த அட்டை. இங்கிலாந்தில் அது எத்தனை வருசம் நிற்குமோ, எங்கள் ஊரில் அட்டைக்கு இரண்டு எதிரி: மாரி மழையும் கறையானும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அப்பா இந்தக் காரில் அப்பம்மாவை ஏற்றினார். இடப்பக்க லாச்சிக்குள் காணி உறுதிகள் இருந்தன. மழை. சனத்துக்குள் கார் நகரவே இல்லை. கண்ணாடி றபரால் ஒழுகின தண்ணி லாச்சிக்குள் இறங்கி, விடியும்போது பெட்டி கஞ்சிபோல் ஊறியிருந்தது. உறுதிகளை அம்மா எடுத்துத் தன் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்ததால் அவை தப்பின. பெட்டி தப்பவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு மிச்சத்தைக் கறையான் முடித்தது. அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருசம் அந்த இடம் வெறும் ஓட்டைதான்.

பிரித்தானியாவில் இந்தக் காருக்குப் புதுச் சாமான் செய்து விற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். லண்டனில் இருக்கிற சித்தப்பாவின் மகன் அனுப்புகிறேன் என்றுதான் சொன்னான். ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறினதற்குப் பிறகு, தபால் செலவையும் சுங்கத்தையும் கூட்டிப் பார்க்க மனம் வரவில்லை. அதைவிட முக்கியம், நாங்கள் பார்த்த பெட்டியும் அதே அட்டையில் செய்ததுதான். கறையானுக்கு இன்னொரு முறை சாப்பாடு போடுவதற்கா கடல் கடந்து எடுப்பிப்பது?

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. எங்களுக்கு பற்றறியும் உதிரிப்பாகமும் தடைசெய்யப்பட்ட பொருட்களாக இருந்த அதே 1990களில், இதே தீவின் தெற்கில், காலிக்குக் கிட்ட தொடந்துவவில், மொறிஸ் மைனருக்குப் புதிய தகட்டுப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயரின் முயற்சி அது. இலங்கை மைனர் சாமான் செய்யத் தெரிந்த நாடு. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் போர் எல்லை இருந்தது.

பட்டறைக்குப் போவதற்கு முன்பு, குமிழ்களைக் கொழும்பில் ஓரிடத்தில் த்ரீ டி பிரிண்ட் முறையில் செய்வித்தேன். நான் அனுப்பியது படமும் அளவும். வந்த குமிழ்கள் பார்க்க நல்ல வடிவு. மினுக்கம், எழுத்து எல்லாம் ஒழுங்கு. சித்திரை மாதம், சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிற நாட்கள். பள்ளிக்கூட வளவில் கண்ணாடி ஏற்றிவிட்டு நிறுத்தியிருந்த காரைப் பின்னேரம் எடுக்கப் போய், ஸ்ராட்டர் குமிழை இழுத்தேன். குமிழ் இனிப்புப் பண்டம்போல நீண்டு கையோடு வந்தது. அவர்கள் பாவித்தது பிஎல்ஏ என்கிற பிளாஸ்ரிக். அது 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் பூட்டிக் கிடக்கிற காரின் இரும்பு டாஷ்போட் அந்தச் சூட்டைத் தாண்டும். படம் அனுப்பும்போது ‘இது எங்கே பொருத்துகிற சாமான்?’ என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

இந்த அண்ணை கேட்ட முதல் கேள்வியே அதுதான். “கார் எங்கை நிக்கிறது ரீச்சர்? கொட்டிலுக்கையோ வெயிலுக்கையோ?” அடுத்தது, “ஓடுற காரோ, வைச்சுப் பாக்கிற காரோ?” மூன்றாவதாக, கையால் இழுக்கிற குமிழ் எது, விரலால் தொடுகிற குமிழ் எது என்று கேட்டார். ஸ்ராட்டர் குமிழ் ஒரு கம்பியை இழுத்து மறுமுனையில் சுவிச்சை அமத்த வேண்டும். விசை முழுக்க அதில்தான் வரும். மற்றவை அப்படியில்லை. இதை அவர் காரைப் பார்க்காமலே கேட்டார்.

அவருடைய முதல் தொழில் படகு. காரைநகர் சீநோர் படகுத் தொழிற்சாலையில் இளந்தாரியாக இருக்கும்போது கண்ணாடி நார்ப் படகு கட்டப் பழகியவர். இன்றைக்கும் பட்டறை வாசலில் கவிழ்த்து வைத்த மீன்பிடிப் படகுகள்தான் நிற்கின்றன. கார்ச் சாமான் பக்கத்து வேலை. அந்தப் படகு அறிவு டாஷ்போட்டுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை நான் மினக்கெட்டு இருந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் என்பதால் அந்தப் பட்டறையை விட்டு எழும்ப எனக்கு மனமே வரவில்லை.

உள்பெட்டிக்கு அவர் முதலில் வேப்பம் பலகையில் ஒரு கட்டை செதுக்கினார், பெட்டியின் உட்பக்கம் எப்படி இருக்க வேண்டுமோ அந்த வடிவில். அளவு எடுத்தது எங்கள் காரின் ஓட்டையிலிருந்து மட்டும் இல்லை. எங்கள் தகடு ஒரு மூலையில் நெளிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, கோண்டாவிலில் இன்னொரு மைனர் வைத்திருக்கிறவரிடம் போய் அதையும் அளந்துகொண்டு வந்தார். கட்டையில் மெழுகு பூசி, கறுப்பு மேற்பூச்சு ஒன்று பூசி, அதன்மேல் கண்ணாடி நார்ப் பாயை இரண்டு அடுக்காக றெசினில் ஊறவைத்துப் படுக்க வைத்தார். தடிப்பு 2 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். விளிம்பில் மட்டும் ஒரு அடுக்கு. அங்கே தடித்தால் தகட்டோடு அமராது, மூடி பூட்டாது என்றார். ஆணி ஓட்டை ஒன்றும் போடவில்லை. காரைக் கொண்டுவரச் சொல்லி, பெட்டியை உள்ளே பிடித்து, தகட்டு ஓட்டை வழியாகச் சோக்கால் அடையாளம் போட்டுப் பிறகுதான் துளைத்தார். 1959இல் அடித்த ஓட்டை ஒவ்வொரு காரிலும் ஒவ்வொரு மாதிரி இருக்குமாம்.

வெளிப்பக்கத்தில் கம்பளித் துணிபோன்ற ஒரு பட்டையை ஒட்டினார். அட்டைப்பெட்டி சத்தம் போடாது. நார்ப்பெட்டி இரும்பில் முட்டினால் எங்கள் ஊர் வீதியில் கடகடவென்று அடிக்கும். நான் கேட்காமலே செய்த வேலை அது. காரைநகர் வீதியில் ஒரு தரம் ஓடிப்பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை.

குமிழ்களுக்கு வேறு முறை. உடைந்திருந்த ஸ்ராட்டர் குமிழின் விளிம்பைப் பட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, அதைச் சுற்றிச் சிலிக்கன் றபரை ஊற்றி அச்சு எடுத்தார். படகுக்குப் பாவிக்கிற பொலியெஸ்ரர் றெசினைக் குமிழுக்குப் பாவிக்கமாட்டார். அது இறுகும்போது நன்றாகச் சுருங்கும். படகில் அது தெரியாது, விரலளவு குமிழில் தெரியும். அதனால் எபொக்சி. கறுப்புச் சாயம் கலந்து, காற்றுக் குமிழி போவதற்காக ஒரு இரும்புப் பானைக்குள் வைத்து வெற்றிடம் இழுக்கிறார். வெற்றிடம் இழுப்பது பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றின் கொம்பிரசர். ஊற்றி இறுகினதும் எடுத்துக் கையில் தந்துவிடுவதில்லை. உள்ளே பல்ப் எரிகிற ஒரு தகரப் பெட்டிக்குள் ஒரு முழு நாள் சூட்டில் வைக்கிறார். எபொக்சி சும்மா இறுகினால் அதுவும் வெயிலில் இளகும். சூட்டில் இரண்டாம் தரம் இறுக்கினால்தான் தாங்கும். கொழும்பில் செய்வித்த குமிழுக்கும் இவருடைய குமிழுக்கும் உள்ள வித்தியாசம் இந்தத் தகரப் பெட்டிதான். போன வருசமும் இந்த வருசமும் சித்திரை வெயிலில் காரை நிறுத்தி வைத்தேன்; குமிழ் அப்படியே இருக்கிறது.

குமிழின் உள்ளே பித்தளையில் ஒரு சிறு குழல், லேத்தில் கடைந்து, பழைய கம்பியின் புரிக்குச் சரியாகப் புரி வெட்டியது. மெட்ரிக் புரி இதில் ஏறாது, பிரித்தானியப் பழைய புரி. பலர் இந்த இடத்தில் பசையை வைத்து ஒட்டிவிடுவார்கள். அண்ணை ஒட்டவில்லை. திரும்பவும் கழற்ற வேண்டி வரும் என்று மட்டும் சொன்னார்.

இனி சோக் குமிழ். குளிர்ந்திருக்கிற எஞ்சினை ஸ்ராட் பண்ணும்போது இழுக்கிற குமிழ் அது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லை. இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அப்படி ஓடுகிற எஞ்சினோடு காலையில் மல்லுக்கட்டுகிறவருடைய கை எப்போதும் சோக்கில்தான் இருக்கும். எங்கள் சோக் குமிழ் 1993இல் உடைந்தது. உதிரிப்பாகம் தடையில் இருந்த நேரம். அப்பா கோப்பாயில் ஒரு கடைசற்காரரிடம் பனை வைரத்தில் ஒன்று கடைவித்தார். கறுப்பு, நடுவில் மஞ்சள் நார்க் கோடு ஓடும். மற்றக் குமிழ்களைவிடக் கொஞ்சம் பெரிசு. அதில் எழுத்து இல்லை.

நான் அண்ணையிடம் நாலு குமிழ் கேட்டேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்பது என் எண்ணம். அவர் அந்தப் பனைக் குமிழைக் கழற்றி, உள்ளே பார்த்து, கன நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே புரிக்கு வைத்திருந்தது சைக்கிள் ரியூப் வால்வின் பித்தளைத் தண்டு. மரத்தில் நேரே புரி போட்டால் தேயும் என்று, அந்தப் பெயர் தெரியாத கடைசற்காரர் வால்வை அறுத்து உள்ளே இறக்கி, அதற்குள் புரி வெட்டியிருக்கிறார். முப்பது வருசம் அது அசையவில்லை.

“உதை நான் மாத்தமாட்டன் ரீச்சர். உது பழுதில்லை. நான் செய்யிறதை விட உது திறம்.”

தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் துணியில் விட்டுத் துடைத்து, திரும்பப் பூட்டித் தந்தார். காசு கணக்குப் பார்க்கும்போது மூன்று குமிழுக்கு மட்டும் எழுதினார். சாமான் செய்து விற்கிறவர் ஒரு சாமானைச் செய்யமாட்டேன் என்று சொன்னது, அந்தக் குமிழ் அப்பாவினுடையது என்று நான் சொல்வதற்கு முன்பு.

விலையைச் சொல்லிவிடுகிறேன். உள்பெட்டி ஒன்று 16,500 ரூபாய், இரண்டுக்கு 33,000. குமிழ் ஒன்று 2,200, மூன்றுக்கு 6,600. ஸ்பீடோமீற்றர் றபர் வளையம் 1,400. மொத்தம் 41,000. முற்பணமாகப் பாதி கொடுத்தேன். என் சம்பளத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. கொடுத்த காசுக்கு வேலை இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லுவேன்.

குறைகளும் உண்டு. மூன்று கிழமை என்றார், ஒன்பது கிழமை எடுத்தது. வாடைக்காற்றுத் தொடங்க முன்னம் படகுக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர்களுக்குப் பிறகுதான் நாங்கள். அது நியாயம் என்றே நினைக்கிறேன், ஆனால் முதலிலேயே சொல்லியிருக்கலாம். தொலைபேசி எடுத்தால் பதில் வராது, நேரில்தான் போக வேண்டும். வலப்பக்கப் பெட்டி முதல்தரம் பின்னால் வயர்க்கட்டில் முட்டியது. மூலையை வெட்டி மறுபடி நார் படுக்க வைத்துத் தந்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. றெசின் மணம் கிட்டத்தட்ட ஒரு மாதம் காருக்குள் நின்றது. தலையிடி உள்ளவர்கள் பெட்டியைப் பூட்டுமுன் இரண்டு கிழமை விறாந்தையில் காற்றுப்பட வைத்தால் நல்லது. வைப்பர் குமிழில் இருக்கிற டபிள்யூ எழுத்து பழையதைவிடத் தடிப்பு. வெள்ளைப் பூச்சும் ஒரு பக்கம் மங்கத் தொடங்கிவிட்டது. அந்த ஒரு வேலையில் கொழும்புக் குமிழ் இதைவிட நேர்த்தியாக இருந்தது.

ஸ்பீடோமீற்றர் முகப்பு எழுதுவது, குரோம் பூசுவது, இரண்டும் அவர் செய்யமாட்டார். கேட்டால் தெரியாது என்று நேரே சொல்லிவிடுவார்.

போகிறவர்களுக்கு இரண்டு விசயம். உடைந்த துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எறியாமல் கொண்டுபோங்கோ. அவருக்கு அதிலிருந்துதான் வடிவம் வரும். டாஷ்போட்டுக்குப் பின்னால் கை வைக்க முன்னம் பற்றறியைக் கழற்றுங்கோ. இந்தக் கார்களில் பொடியோடு இணைந்திருப்பது நேர்முனை. இன்றைய கார்ப் பழக்கத்தில் வயர் பிடிக்கிற மெக்கானிக் மறந்துவிடுவார். எங்கள் வயர்க்கட்டு ஒருமுறை அப்படிப் புகைந்திருக்கிறது.

கார்த்திகை மழை இந்தமுறை ஐந்து நாள் விடாமல் பெய்தது. கண்ணாடி றபர் இன்னமும் ஒழுகுகிறது. ஆறாம் நாள் இடப்பக்க மூடியைத் திறந்தேன். அடியில் ஒரு சிரட்டைத் தண்ணி தேங்கி நின்றது. துணியால் ஒற்றி எடுத்தேன். பெட்டி புதுசாகவே இருந்தது. கண்ணாடி றபருக்கு அண்ணையிடம் கேட்டிருக்கிறேன். தைப்பொங்கல் கழிய வரச் சொல்லியிருக்கிறார்.